அளவு நோட்டின் கடைசிப் பக்கம்: மாதவிடாய் நிற்கும் காலத்தில் செடி கொடி மருந்துகளைக் கையாளும் முறை

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த காலை அது. தக்கலையில் என் தையல் கடைக்கு வெளியே போனவர்கள் எல்லோரும் முந்தானையால் தோளைப் போர்த்தியிருந்தார்கள். வேளிமலை மேகத்துக்குள் மறைந்து கிடந்தது. நான் ஒரு வெள்ளை ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பியது. கழுத்துக்கு ஏறியது, காது மடல் எரிந்தது, நெற்றி வேர்வை சொட்டி அந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. மூன்று நிமிடம் இருக்கும். பிறகு முதுகு நனைந்து குளிரெடுத்தது. இஸ்திரிப் பெட்டி அன்று போடவே இல்லை. அப்போது எனக்கு 47 வயது.

இப்போது 53. இந்த ஆறு ஆண்டுகளில் செடி, கிழங்கு, பட்டை, விதை என்று பலவற்றைச் செய்து பார்த்தேன். சிலவற்றைத் தொடர்கிறேன், சிலவற்றை விட்டேன், ஒன்று எனக்குத் தீங்கும் செய்தது. நான் வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் 26 வருடமாகப் பெண்களுக்கு அளவெடுக்கிறேன். நாடாவைச் சுற்றிப் பிடிக்கும்போது, வீட்டில் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிவிடுவார்கள். "அக்கா, ராத்திரி முழுக்க நனைந்து எழுந்திருக்கிறேன்", "மைனி, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது". அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் எதையும் சேர்க்காதீர்கள்

எல்லோரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். வெக்கை, அதாவது மேலே சொன்ன அந்தத் திடீர்ச் சூடு, தொடங்கிய வாரத்திலேயே ஒருவர் வெந்தயம் சொன்னார், ஒருவர் கற்றாழை சொன்னார், இரணியலிலிருந்து வந்த சொந்தக்காரி ஒரு பொட்டலம் சூரணம் தந்தாள். மூன்றையும் ஒன்றாக விழுங்கினேன். மூன்றாம் நாள் வயிறு கலங்கியது. எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெக்கை ஒரு நாள் குறைந்தது. அதுவும் எதனால் என்று தெரியவில்லை.

பிறகு கடையின் அளவு நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பிக் கட்டம் போட்டேன். தேதி, பகலில் எத்தனை வெக்கை, இரவில் எத்தனை தடவை விழித்தேன், அன்று புதிதாகச் சேர்த்தது என்ன. அவ்வளவுதான். வெக்கை வரும்போது ஒரு புள்ளி. துணி மாற்றும் அளவுக்கு வேர்த்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு வாரம் எந்த மருந்தும் எடுக்காமல் இதைக் குறித்தேன். ஒரு நாளைக்குச் சராசரி ஒன்பது புள்ளி வந்தது. பெரும்பாலானவை மாலை நான்கு மணியை ஒட்டி வந்தன. அந்த நேரத்தில்தான் எதிர்க் கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கட்டன் சாயா வரும். அதை ஆறவைத்துக் குடிக்கத் தொடங்கியதுமே இரண்டு புள்ளி குறைந்தது. காசு செலவில்லாத முதல் வைத்தியம் அது. உங்களுக்கு மிளகாய்க் காரமாக இருக்கலாம், அடுப்படி நெருப்பாக இருக்கலாம். நோட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த வெக்கை ஏன் வருகிறது என்று எனக்கு விளங்கியது இஸ்திரிப் பெட்டியை வைத்துத்தான். பெட்டிக்குள் சூடு எல்லை தாண்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு சின்னப் பட்டை உண்டு. அது பழுதானால் கொஞ்சம் சூடேறியதுமே அணைந்துவிடும். நம் மூளையிலும் உடற்சூட்டைக் காக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அந்த இடம் அளவுக்கு மீறிக் கூருணர்ச்சி அடைகிறது. சிறிய சூட்டையும் பெரிய சூடென்று எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வேர்வையைக் கொட்டச் செய்கிறது. இதில் ரத்தம் கெட்டுப்போவதோ உடம்பில் விஷம் சேர்வதோ இல்லை. அப்படிச் சொல்லிப் பேதிக்குக் கொடுப்பவர்களிடம் போகாதீர்கள்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே தாறுமாறாக வரும், தொந்தரவும் தொடங்கிவிடும்.

கஷாயம் வைக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

என் மைனிக்கு, அதாவது மதினிக்கு, மாதவிடாய் நின்று 14 மாதம் ஆனபிறகு ஒருநாள் லேசாக ரத்தம் பட்டது. "மறுபடி வந்துவிட்டது, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அசோகப் பட்டை வாங்கிக் கஷாயம் வைத்து இரண்டு மாதம் குடித்தாள். மூன்றாவது தடவை பட்டபோதுதான் எனக்குச் சொன்னாள். நான் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதலில் டாக்டர். நாற்பது வயதுக்கு முன்பே நின்றால் டாக்டர். ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனால் அன்றே டாக்டர். நெஞ்சு படபடப்பும் உடல் மெலிவும் சேர்ந்து இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். அதுவும் இதே போல வேர்க்க வைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் கீழே வரும் கிழங்கு, சூரண வகைகளைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

அசோகப் பட்டையைப் பற்றி இன்னொன்று. வீட்டு மதிலோரம் கோபுரம்போல ஒல்லியாக உயர்ந்து நிற்கும் மரத்தை அசோகமரம் என்றே நம்மில் பலர் சொல்கிறோம். அது நெட்டிலிங்கம். மருந்துக்கு உரிய அசோகம் குடைபோல் விரிந்து, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துப் பூ பூக்கும் மரம். இரண்டின் பட்டைக்கும் உள்ள வித்தியாசம் காய்ந்தபின் பார்வைக்குப் பிடிபடாது. கடைகளில் கலப்படம் நடப்பது தெரிந்த விஷயம். மைனி குடித்தது எந்தப் பட்டை என்பதே எங்களுக்குத் தெரியாது.

சாப்பாடாகச் சேர்க்கக்கூடியவை

முதலில் சோயா. இது நம் ஊர்ப் பயிர் இல்லை, நம் பாட்டிகள் சமைத்ததும் இல்லை. ஆனாலும் வெக்கைக்கு அதிகம் ஆராயப்பட்ட உணவு இதுதான். ஈஸ்ட்ரோஜனைப் போல மெல்லிய வேலை செய்யும் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இதில் இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் குறைந்த, பாலும் முட்டையும் சேராத சைவ உணவோடு தினமும் அரைக் கப் வேகவைத்த சோயாப் பயறு சாப்பிட்ட பெண்களுக்குக் கடுமையான வெக்கைகள் 12 வாரத்தில் நன்றாகக் குறைந்தன. ஆனால் சின்ன ஆய்வு, உணவு முறையும் கூடவே மாறியிருந்தது. 2023-இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, வெக்கைக்கு மருந்தென்று சோயாவையோ மூலிகைகளையோ பரிந்துரைக்க முடியாது என்றே சொன்னது. இரண்டையும் தெரிந்துகொண்டே நான் சாப்பிடுகிறேன். உணவென்ற முறையில் அது நல்ல புரதம்.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி மஞ்சள் சோயாப் பயறை இரவில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கையால் பிசைந்தால் தோல் மிதந்து வரும். அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். அரைகுறையாக வெந்தால் வயிறு உப்பும். பிறகு கடுகு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டால் சுண்டல். பச்சை வாசனை பிடிக்காதவர்கள் வேகும்போது ஒரு துண்டு இஞ்சி போடலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குறைந்தது எட்டு, பத்து வாரம் சாப்பிட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள். என் நோட்டில் பத்தாவது வாரம் ஏழு புள்ளி ஐந்தாகியிருந்தது. சோயாவால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வெக்கை தானாகவும் ஏறி இறங்கும் குணமுடையது.

ஆளி விதையின் கதையைக் கேட்டால் இது விளங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முதலில் சில பெண்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தபோது வெக்கை பாதியாகக் குறைந்தது. பிறகு 188 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆளி விதையும் மறு பிரிவுக்கு ஆளி விதை இல்லாத அதேபோன்ற தின்பண்டமும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் வெக்கை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைந்தது. அதனால் வெக்கைக்கென்று ஆளி விதையை நான் சொல்வதில்லை. மலச்சிக்கலுக்கு ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்து மோரில் கலக்கிக் குடியுங்கள், அதற்கு நல்லது.

அடுத்தது நம் உளுந்தங்களி. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் கொடுப்போம், அதோடு மறந்துவிடுவோம். என் அம்மை 50 வயதிலும் வாரத்தில் இரண்டு நாள் கிண்டுவாள். "மக்களே, வரும்போது சாப்பிட்டாயே, போகும்போதும் சாப்பிட வேண்டாமா" என்பாள். தொலி உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப். உளுந்தைச் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துப் பொடித்துச் சலித்து வையுங்கள். உடையாத உருண்டைக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி, தட்டி, தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டுங்கள். அடியில் எப்போதும் கொஞ்சம் மணல் நிற்கும். பாகு கொதிக்கும்போது தீயைத் தணித்து, தண்ணீரில் கரைத்து வைத்த மாவை ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிண்டுங்கள். கிண்டுவதை நிறுத்தினால் கட்டிதட்டும். களி சட்டியை விட்டு நகரத் தொடங்கும்போது நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள்.

இது வெக்கையைக் குறைத்ததென்று என் நோட்டு சொல்லவில்லை. அதற்காக நான் சாப்பிடுவதுமில்லை. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. உளுந்தின் புரதம் தசைக்கு வேண்டும். எலும்புக்கு எள்ளும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, எள்ளில் 1,000 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 1,000 முதல் 1,200 வரை. இரண்டு மேசைக்கரண்டி எள்ளைத் தோலோடு வறுத்துத் துவையலோ பொடியோ செய்தால் அதில் ஆறில் ஒரு பங்கு கிடைக்கும். மீன் சாப்பிடுபவர்கள் சாளையையும் நெத்தோலியையும் முள்ளோடு மென்று சாப்பிடுங்கள். பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வெயில் படுவதில்லை, அதனால் வைட்டமின் டி அளவைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். உப்புக் களியாகக் கிண்டி, குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம்.

வெந்தயத்தை, எங்கள் மேற்குப் பக்கம் உலுவா என்பார்கள், ஊறவைத்துக் கஞ்சியில் போடுவது நல்ல வழக்கம். ஆனால் அது ரத்தச் சர்க்கரையை இறக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் தலைசுற்றும், கவனம்.

கிழங்கும் சூரணமும்

தண்ணீர்விட்டான் கிழங்கை நான் வெக்கைக்கென்று எடுக்கவில்லை, அசதிக்கும் வறட்சிக்கும் எடுத்தேன். பால் சுரக்கக் கொடுப்பார்கள் என்பது நம் வீடுகளில் தெரியும். முள்ளோடு படரும் கொடி, இலை ஊசி ஊசியாக இருக்கும். வேரைத் தோண்டினால் விரல் விரலாக ஒரு கொத்தே வரும். அம்மை திண்ணையில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வதைச் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மண் போகக் கழுவி, மேல்தோலை நகத்தால் கீறி உரிப்பாள். உள்ளே கண்ணாடிபோல வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு நார் ஓடும். கிழங்கின் நுனியைக் கிள்ளி அந்த நாரைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். வராவிட்டால் கிழங்கு முற்றிவிட்டது என்பாள். பிறகு பாலில் ஆவி கட்டி வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலித்துப் பொடியாக்குவாள். இரவில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் மூன்று கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நான் மூன்று மாதம் எடுத்தேன். அசதி குறைந்தது, வெக்கைப் புள்ளிகளில் மாற்றமில்லை. ஈஸ்ட்ரோஜன் போன்ற வேலை இதற்கும் கொஞ்சம் உண்டென்பதால்தான் மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் தொட வேண்டாம் என்கிறேன்.

அமுக்கரா என்னும் அஸ்வகந்தாவுக்கு இப்போது பெரிய பேச்சு. மாதவிடாய் நிற்கும் கட்டத்திலிருந்த இந்தியப் பெண்களுக்கு எட்டு வாரம் இதன் சாறு மாத்திரையைக் கொடுத்து, தொந்தரவுகள் குறைந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. தூக்கத்துக்கு உதவுவதாகவும் பலர் சொல்கிறார்கள். ஆனால் அரிதாகச் சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்திருக்கிறது, தைராய்டு அளவையும் ஏற்றும். 2023-இல் டென்மார்க் நாடு இதை விற்கவே தடை விதித்தது. என்னிடம் கேட்பவர்களுக்கு, சித்த மருத்துவரிடமோ ஆயுர்வேத மருத்துவரிடமோ கேட்டு, காலக்கெடு வைத்து எடுங்கள் என்கிறேன். சிறுநீர் வழக்கத்தைவிட அடர் மஞ்சளாகப் போனாலோ கண் வெளுப்பு மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்துங்கள். நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது. செலவில்லாமல் படித்தவர்களிடம் கேட்க வழி இருக்கும்போது, மருந்துவாழ் மலை அடிவாரத்தில் பறித்தது என்று சொல்லி விற்கும் பெயரில்லாப் பொட்டலத்தை ஏன் வாங்க வேண்டும்? அனுமன் சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டென்று நாம் கும்பிடும் மலைதான். அந்த நம்பிக்கையை வியாபாரமாக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. வாங்கும் டப்பாவில் உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உள்ளே என்னென்ன எவ்வளவு என்பது அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாயிருந்தாலும் வேண்டாம்.

எனக்குத் தீங்கு செய்தது அதிமதுரம். தொண்டை வறட்சிக்கும் வெக்கைக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் இரண்டு வேளை கஷாயம் வைத்துக் குடித்தேன். இனிப்பாக இருந்ததால் கூடவே குடித்தேன். மூன்றாவது வாரம் மெஷின் மிதிக்கும்போது கால் கனத்தது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. ரத்த அழுத்தம் அதுவரை 120-ஐத் தாண்டியதில்லை, அன்று 160. டாக்டர் மாத்திரை எழுதும் முன், "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டார். நான் நோட்டைக் காட்டினேன். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கிவிடும் என்றார். நிறுத்தி ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. மிட்டாய்போல வாயில் அடக்கிக்கொள்ளும் ஒரு வேர் இதைச் செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆன்லைனில் வரும் வெளிநாட்டு மெனோபாஸ் மாத்திரைகளில் பெரும்பாலும் பிளாக் கோஹோஷ் என்ற வட அமெரிக்க மூலிகை இருக்கும். அது பயன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை, சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

கற்றாழை சாப்பிடுபவர்கள் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். மடலைச் சாய்த்து நிறுத்தி அதை முழுக்க வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசுங்கள். அந்த மஞ்சள் பால் வயிற்றைப் பிய்த்துப் பேதியாக்கும்.

இரவுக்கு

ஜாதிக்காய் நம் மாறாமலை, பேச்சிப்பாறைப் பக்கத்துச் சரக்கு. பாலில் ஒரு சிட்டிகை உரசிப் போட்டுக் குடித்தால் சிலருக்குத் தூக்கம் வருகிறது, எனக்கும் வந்தது. சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள். ஒரு முழுக் காய் ஐந்து கிராம் எடை வரும், அந்த அளவே நஞ்சு. நெஞ்சு படபடத்து இல்லாத உருவமெல்லாம் தெரியும்.

படுக்கும் முன் குடிக்க ராமச்சம், அதாவது வெட்டிவேர், போட்ட மண்பானைத் தண்ணீர் வைத்திருக்கிறேன். வேரை நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் கட்டிப் பானையில் போட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அக்கானிக் காலத்தில் காலையில் ஒரு டம்ளர் அக்கானியும் (பதநீர்) நொங்கும், மற்ற மாதங்களில் நன்னாரி. இவை வெக்கை வராமல் தடுப்பதில்லை. வந்து போனபின் உலர்ந்த நாக்குக்கு ஆறுதல்.

இனி என் தொழில். பருத்தியும் செடி தந்ததுதான், மூலிகைக்குச் செலவழிக்கும் காசில் பாதியை அதற்குப் போடுங்கள் என்பேன். ரவிக்கைக்கு மேல்துணி பருத்தியாக இருந்தும் லைனிங் பாலியெஸ்டராக இருந்தால் வேர்வை உள்ளேயே நிற்கும். துணி வாங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டில் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும். கலப்பு நூலில் சாம்பலும் இருக்கும், நடுவில் மணியும் தட்டும். இந்த வயதுக்காரர்களுக்கு நான் கழுத்தை அரை அங்குலம் இறக்கி, அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு சேர்த்து, முன்கொக்கி வைத்துத் தைக்கிறேன். திடீரென்று வெக்கை ஏறும்போது மேல்கொக்கி ஒன்றை யாருக்கும் தெரியாமல் கழற்றிவிடலாம். இரவுக்கு மல் துணியில் தளர்வான நைட்டி இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று தலைமாட்டில். நனைந்தால் எழுந்து விளக்கைப் போட்டு பீரோவைத் திறக்க வேண்டாம். மாற்றிக்கொண்டு அப்படியே படுத்துவிடலாம். என் நோட்டில் இரவு விழிப்புகளுக்குப் பிறகு தூக்கம் திரும்பும் நேரம் குறைந்தது இதனால்தான்.

யாரும் கேட்காதது

வறட்சி. தாம்பத்தியத்தில் வலி, சிறுநீர் கழித்தால் எரிச்சல். இதைச் சொல்லும்போது பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெக்கை சில வருடத்தில் தணியும், வறட்சி தானாகத் தணிவதில்லை. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் வெளித்தோலின் எரிச்சலுக்கு இதமாக இருக்கிறது. வாசனையோ மஞ்சளோ சேர்க்காமல், சுத்தமான விரலால், கொஞ்சமாக. ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய் தொட வேண்டாம், ரப்பர் கிழியும். 50 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்று ஒரு வருடமும், அதற்கு முன் நின்றால் இரண்டு வருடமும் ஆகும்வரை கரு நிற்க வாய்ப்புண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேப்பிலைத் தண்ணீர், படிகாரம் என்று எதையும் உள்ளே ஊற்றிக் கழுவாதீர்கள், இருக்கிற ஈரத்தையும் அது எடுத்துவிடும். எண்ணெயில் தீராவிட்டால் டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது. கூச்சத்தால் வருடக்கணக்கில் வலியைப் பொறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வெக்கைக்கும் அதேதான். எந்தச் செடியும் ஹார்மோன் சிகிச்சை அளவுக்கு வெக்கையை அடக்காது. அது எல்லோருக்கும் ஆகாது. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மை அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு அவதிப்படுகிறவர், "கிழங்கு சாப்பிட்டால் சரியாகும்" என்று வருடம் தள்ளக் கூடாது. போகும்போது நோட்டையும், சாப்பிடும் சூரண டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொன்னால் போதாது, டப்பாவையே மேசையில் வையுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சர் அளவு கொடுக்க வந்தார். பழைய அளவு ரவிக்கை தோளில் இறுகியிருந்தது. நாடாவைச் சுற்றும்போதே அவர் நெற்றி வேர்த்தது. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். பையிலிருந்து மூன்று டப்பாவும் ஒரு பொட்டலமும் எடுத்து வைத்து, "அக்கா, எதை முதலில் தொடங்கட்டும்" என்று கேட்டார். நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அடிக்கோல் வைத்து நான்கு கட்டம் போட்டேன். தேதி, பகல், இரவு, புதிதாகச் சேர்த்தது. நான்காவது கட்டத்தை ஒன்றாம் தேதியிலிருந்து பதினான்காம் தேதிவரை காலியாக வைக்கச் சொல்லி, ரவிக்கையையும் பதினைந்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.